தறியின் மறுபக்கம்

கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது நான் ஆவலோடு எதிர்பார்ப்பது, பேச்சு முடிந்தபின் கிடைக்கும் கால் மணி நேரத்தைத்தான். மைக்கைக் கையில் வாங்கி எல்லோர் முன்னாலும் கேட்கிற மாணவர்கள் பெரும்பாலும் பேச்சைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு தயங்கித் தயங்கி அருகில் வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பார்கள். பத்தொன்பது, இருபது வயதில் எழுகிற கேள்விகளுக்கு ஈடான கேள்விகள் அதன்பின் எந்த வயதிலும் எழுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் அப்படித் தனியாக வந்து நின்ற ஒரு மாணவிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். நன்றாகப் படம் வரைவாள் என்று கூட வந்த தோழி சொன்னாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பா தறியிலதான் உக்கார்றாரு சார். அவரை ஏன் யாரும் கலைஞர்னு சொல்றதில்ல?"

"வீட்டை விட்டு, சொந்தபந்தத்தை விட்டுப் போனவங்கதானே பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆகியிருக்காங்க? அப்ப நானும் போயிடணுமா?"

"வரைஞ்சு சாப்பிட முடியுமா சார்?"

கடைசியாக, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "வாழ்றதுன்னா என்னதான் சார்?"

குடும்பம், கலை, வாழ்க்கை மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத்தான் அந்தப் பக்கத்தில் இருந்தன. மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "தறியில் அப்பாவோடு யார் உட்காருவார்கள்?"

"அம்மாதான் சார். அம்மாவுக்கு முடியலைன்னா நான்."

அங்கே நின்றுகொண்டு பேச முடிந்தது கொஞ்சம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்குப் பேர் வாங்கித் தந்த நெசவு கோர்வை. உடல் ஒரு நிறம், இரண்டு கரைகளும் வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், அரக்கு நூல் கரைக்குள் போகக் கூடாது, பச்சை நூல் உடலுக்குள் வரக் கூடாது. ஆனால் இரண்டும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. மூன்றையும் ஒரே ஆள் வீசுவது கடினம். அதனால் கைத்தறியில் கோர்வைக்கு வழக்கமாக இரண்டு பேர் உட்காருவார்கள். நெய்பவர் இரண்டு நாடாக்களைப் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் இருப்பவர் மறுகரையின் நாடாவைத் தள்ள வேண்டும். இவர் கை நின்றால் அவர் கை நிற்கும். இவர் கவனம் சிதறினால் உடலும் கரையும் சேருமிடத்தில் பிசிறு தெரியும். ஒரு புடவை முடியப் பல நாட்கள் ஆகும். அத்தனை நாளும் இரண்டு உடல்கள் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும்.

இதற்கும் முன்னால் பாவு தோய்ப்பது, பிணைப்பது, தார் சுற்றுவது என்று எத்தனையோ வேலைகள். தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் செய்கிற வேலை. கூலியோ புடவைக் கணக்கில் வரும். மறுபக்கம் உட்கார்ந்தவர் வீட்டு ஆளாக இருந்துவிட்டால் அவருக்கென்று தனிக் கணக்கு கிடையாது.

அந்தப் பெண்ணின் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அப்பாவை யாரும் கலைஞர் என்று சொல்லாததற்குக் காரணம், அவர் நெய்த துணியில் அவர் பெயர் இல்லை. கடையின் பெயர் பெட்டியில் இருக்கிறது, கட்டிக்கொள்பவரின் பெயர் திருமணப் பத்திரிகையில் இருக்கிறது. பெயர் போட்டுக்கொண்ட கையைத்தான் உலகம் கலை என்கிறது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அப்பாவுக்கு இழைக்கப்படுகிற அநியாயத்தை உணர்ந்த மகளின் கேள்வியில்கூட அம்மா வரவில்லை. நான் கேட்ட பிறகுதான் வந்தாள். பெயரில்லாத கைக்குப் பக்கத்தில் அதைவிடவும் பெயரில்லாத இன்னொரு கை இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவளுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் எல்லாவற்றிலும் கனமானது.

கலைக்காகக் குடும்பத்தை உதறியவர்களைப் பற்றிய கதைகள் இளம் வயதில் பெரும் போதை தருபவை. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே. ஃபிரான்ஸ் சேவர் காப்புஸ் என்ற பத்தொன்பது வயது ராணுவப் பள்ளி மாணவர், ஆஸ்திரியாவின் வீனர் நோய்ஸ்டாட் நகரிலிருந்து 1902இன் கடைசியில் அவருக்குக் கடிதம் எழுதினார். கூடவே தன் கவிதைகளையும் அனுப்பினார். தான் எழுதலாமா, தனக்கு விதிக்கப்பட்ட ராணுவ வாழ்க்கையை எப்படி வாழ்வது என்பதே அவர் மனத்தில் இருந்தது. 1903 பிப்ரவரியில் பாரிசிலிருந்து முதல் பதில் வந்தது. 1908 வரை பத்துக் கடிதங்கள். ரில்கே இறந்து மூன்றாண்டு கழித்து, 1929இல் காப்புஸ் அவற்றைப் புத்தகமாக்கினார். ஒரு மாணவனின் கேள்விக்கு அவ்வளவு மரியாதையோடு எழுதப்பட்ட பதில்கள் உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை. தனிமையைப் பற்றி, பொறுமையைப் பற்றி, அன்பைப் பற்றி அந்தப் புத்தகம் பேசுவதை இன்றும் இளைஞர்கள் அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

முதல் பதிலை எழுதியபோது ரில்கேயின் வயது இருபத்தேழு. அவருக்கு ஒரு மகள் இருந்தாள், ரூத். ஒரு வயதைத் தாண்டியிருந்த குழந்தை. தாய் க்ளாரா வெஸ்ட்ஹாஃப், ரோடினிடம் பயின்ற சிற்பி. கணவனும் மனைவியும் தங்கள் கலைக்காகப் பாரிஸ் போனார்கள். குழந்தை ஜெர்மனியில், பிரேமன் நகரத்துக்கு அருகே, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் விடப்பட்டது. அதன்பின் அந்தக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் நிலையாக வாழவே இல்லை. வாழ்வதைப் பற்றி முன்பின் தெரியாத ஓர் இளைஞனுக்கு அப்படி எழுதிய மனிதரின் குழந்தைக்கு வேறு யாரோ தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரில்கேயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பாட்டியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவார்கள். என்னால் கடக்க முடியவில்லை.

ரில்கேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கடிதங்கள் உண்மையானவை, அவை தந்த ஆறுதலும் உண்மை. பிறகு நடந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. 1926இன் இறுதியில் ரில்கே இறந்த பின், அவர் எழுதிய கடிதங்களைத் திரட்டித் தொகுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர்கள் யார்? விட்டுச் செல்லப்பட்ட அந்த மகள் ரூத்தும் அவள் கணவர் கார்ல் சீபரும்தான்.

வான்கோவின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை தம்பி தியோ அனுப்பிய பணத்தில்தான் வண்ணமும் துணியும் ரொட்டியும் வாங்கினார். 1890 ஜூலையில் அண்ணன் இறந்தார், ஆறு மாதத்தில் தம்பியும் போனார். இத்தனைக்கும் பிறகு அந்த ஓவியங்கள் எப்படி உலகத்தின் கைக்கு வந்தன என்பதுதான் நமக்கு அவ்வளவாகச் சொல்லப்படாத பகுதி. தியோவின் மனைவி யோஹானாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மணமாகி இரண்டாண்டு ஆகவில்லை. மடியில் ஒரு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை. கையில் அன்று அநேகமாக யாரும் விலை கொடுத்து வாங்க முன்வராத நூற்றுக்கணக்கான ஓவியங்கள், பெட்டி நிறையக் கடிதங்கள். நெதர்லாந்துக்குத் திரும்பி, புஸ்ஸம் என்ற ஊரில் வாடகைக்கு ஆள் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தாள். அதோடு ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினாள், விமர்சகர்களோடு ஓயாமல் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டாள். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் நானூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளோடு பெருங்கண்காட்சி நடக்க வழி செய்தாள். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களைத் தேதி வாரியாக ஒழுங்குபடுத்தி 1914இல் பதிப்பித்தாள். 1925இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. கணவனின் அண்ணனை அவள் நேரில் சந்தித்தது மிகச் சில நாட்களே.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி சிட்டுக்குருவிகளுக்கு வாரி இறைத்தார் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். பள்ளி மேடையில் குழந்தைகள் நடித்தும் காட்டுகிறார்கள். அந்த அரிசிக்குப் பதில் அரிசி தேடிப்போனவர் செல்லம்மாள். ஏழு வயதில் அவருக்குத் திருமணம். 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரி வாசம், ஒற்றர்களின் கண், இரண்டு பெண் குழந்தைகள், நிரந்தர வருமானம் என்று ஒன்றில்லாத குடித்தனம். 1921 செப்டம்பரில் பாரதி போனபோது செல்லம்மாளுக்கு முப்பத்திரண்டு வயதுகூட இல்லை. அடுத்த ஆண்டே, 1922இல், பாரதி ஆசிரமம் என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கிச் சுதேச கீதங்களை வெளியிட்டார். பின்னாளில் கணவரின் வரலாற்றையும் சொல்லி எழுத வைத்தார். 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசினார்.

ரூத், யோஹானா, செல்லம்மாள். ஒருவரையொருவர் அறியாதவர்கள், வேறு வேறு மண், வேறு வேறு மொழி. ஒருத்தி மகள், ஒருத்தி தம்பி மனைவி, ஒருத்தி மனைவி. கலைஞன் தன் கலைக்காக எந்தக் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க முடியாமல் போனானோ, அந்தக் குடும்பத்தின் கைதான் அவன் கலையைக் குனிந்து பொறுக்கி எடுத்து நம்மிடம் சேர்த்திருக்கிறது. விட்டுப் போனவர்கள் பெரிய கலைஞர்களானார்கள் என்று சொல்வதானால், விடாமல் இருந்தவர்களால்தான் அவர்கள் நமக்குக் கிடைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேர்த்துச் சொல்லாதவர்கள் இளைஞர்களுக்குப் பாதிக் கதையைக் கொடுத்து முழு முடிவை எடுக்கச் சொல்கிறார்கள்.

குடும்பமே தறியாக இருந்த வீடுகளும் உண்டு. பரதநாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் வீடு அப்படி. பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாடகி, தம்பிகளில் ஒருவர் மிருதங்கம், ஒருவர் புல்லாங்குழல். 1925இல் ஏழு வயதுச் சிறுமியாகப் பாலா முதன்முதலில் ஆடியது இதே காஞ்சியின் காமாட்சியம்மன் கோயிலில். அந்தத் தேவதாசிப் பரம்பரையின் ஆட்டத்தை ஊர் பழித்துப் பேசிய காலம் அது. நல்ல குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்ட காலம். அப்போது மகளை ஆடவிட்ட அந்தத் தாய் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படவில்லை. பின்னாளில் மகளின் கச்சேரிகளில் மேடையில் உட்கார்ந்து பாடினாள். பாலாவின் அபிநயத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் ஜெயம்மாளின் பாட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. தாய் பதத்தின் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு சங்கதிகளோடு எடுக்க, மகளின் முகத்தில் அந்த வரி வேறு வேறு பொருள் கொள்ளும். ஒருவர் தள்ளிய நாடாவை மற்றவர் வாங்கிக்கொள்வது அது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவரின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. பெயர் தெரிந்தது. தறியில் உட்கார்ந்திருக்கும் நம் மாணவியின் அம்மாவுக்கும் ஜெயம்மாளுக்கும் உள்ள வேறுபாடு உழைப்பில் இல்லை. ஒருவர் கேட்கும்படி இருந்தார், இன்னொருவர் கேட்கப்படாமல் இருக்கிறார்.

எல்லாக் குடும்பமும் இப்படித் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் கையை முறிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. பெண் வரைந்த படங்களை எடைக்குப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். அடியும் அவமானமும் மட்டுமே கிடைக்கிற இடத்திலிருந்து வெளியேறத்தான் வேண்டும். அதற்குக் கலை என்ற காரணம்கூடத் தேவையில்லை. ஆனால் வெளியேறுவதாலேயே ஒருவருக்குக் கலை கைகூடிவிடாது. யாரும் நினைவில் வைத்திராத எத்தனையோ பேர் வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். கூடத்து மூலையில், எல்லோரும் தூங்கிய பிறகு எழுதியே பெரிய எழுத்தாளர்கள் ஆனவர்களும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதும் ஒரு பையனிடம் சொல்ல வேண்டியதும் ஒன்றல்ல. 'குடும்பமா, கலையா' என்று பையன் கேட்கும்போது, எதைத் தேர்ந்தாலும் அவனுக்குச் சோறு வடித்து வைக்க ஒரு கை இருக்கும் என்பதை அவன் அறியாமலே நம்பியிருக்கிறான். பெண் கேட்கும்போது அந்தச் சோற்றை வடிக்க வேண்டிய கை அவளுடையதாகவே இருக்கிறது. எழுத்தாளர் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வெளிவந்தது 1988இல். அந்தச் சமையலறையைத் தாண்டி எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே பையன்களிடம் நான் கேட்பது: உன் தறியில் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு நீ என்ன திருப்பித் தந்தாய்? பெண்களிடம் சொல்வது: மறுகரையின் நாடாவை மட்டுமே தள்ளி ஆயுள் முடிய வேண்டியதில்லை. நடு இடத்தில் உட்கார். உனக்காக மறுபக்கம் வந்து உட்காரச் சொல்லிக் கேள். அப்பாவிடம் கேள், அண்ணனிடம் கேள், நாளைக்கு வருகிறவனிடம் கட்டாயம் கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்த உலகத்தில் நல்லதாக எது நெய்யப்பட்டிருந்தாலும் இரண்டாவது ஆள் இருந்திருக்கிறார்.

வரைந்து சாப்பிட முடியுமா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. சிலரால் முடியும், பலரால் முடியாது. காஃப்கா பிராகாவில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அசோகமித்திரன் பல்லாண்டுகள் ஜெமினி ஸ்டுடியோவில் சம்பளக்காரராக இருந்தார். கௌரவமான ஒரு வேலை கலையைக் கெடுக்காது. இன்னொருவர் தலையில் உன் சோற்றுப் பாரத்தை ஏற்றிவிட்டு அவரை மறந்துவிடுவது உன்னைக் கெடுக்கும். அது கலையில் தெரியுமா என்றால், தெரியும். பக்கத்தில் இருக்கும் ஆளைப் பார்க்காத கண் தூரத்து மலையையும் சரியாகப் பார்க்காது.

கடைசிக் கேள்விக்கு இதற்குள் பாதி விடை வந்துவிட்டது. வாழ்வது என்றால் என்ன என்று பத்தொன்பது வயதில் கேட்கிற ஒவ்வொருவரும் தான் தனி ஆள் என்ற நினைப்பிலிருந்து கேட்கிறார்கள். 'நான்' எதற்காக வாழ வேண்டும், 'என்' வாழ்க்கையை எப்படி அமைக்க வேண்டும் என்பார்கள். தனி ஆள் என்று ஒருவர் இருந்தால்தானே அந்தக் கேள்விக்குத் தனி விடை இருக்கும்? நாம் உண்டதும் உடுத்தியதும் படித்ததும் இன்னொரு கை தள்ளிய நாடாவால் வந்தவை. நம் கையிலிருந்து கிளம்புகிற நாடாவையும் யாரோ ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்கிறார். எனக்கு மறுபக்கம் இருப்பவர் யார் என்று அறிவதும், நான் யாருக்கு மறுபக்கம் இருக்கிறேன் என்று அறிந்து அந்த இடத்தில் கவனத்தோடு உட்கார்வதும்தான் வாழ்வது. கலையும் இதையே வேறு வழியில் செய்கிறது. குடும்பம் என்பதும், அது நல்லபடியாக இருந்தால், இதுதான்.

பெரியவர்கள் யாராவது ஊருக்கு வந்தால் ஓடிப்போய்க் கேள்வி கேட்கிற மாணவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. அதே ஆவலோடு உங்கள் அம்மாவிடம் போய், "என் வயசுல நீ என்ன ஆகணும்னு நினைச்சே?" என்று கேளுங்கள். அப்பாவிடம், பாட்டியிடம் கேளுங்கள். "ஒண்ணுமில்ல, போய் சாப்பிடு" என்பார்கள். மறுநாளும் கேளுங்கள். ஒருநாள் சொல்லத் தொடங்குவார்கள். சொன்னதை எழுதி வையுங்கள், வரையத் தெரிந்தால் வரையுங்கள். தறியை வரைந்தால் இரண்டு பேரையும் வரையுங்கள்.

நெசவாளர்களுக்கு விருது கொடுக்கிற அரசுகளுக்கும் சங்கங்களுக்கும் இதையே சொல்கிறேன். கோர்வைப் புடவைக்கு விருது என்றால் மறுபக்கம் உட்கார்ந்தவரையும் மேடைக்கு அழையுங்கள். பட்டயத்தில் இரண்டு பெயர்களையும் அச்சடியுங்கள்.